மரத்தடி பெஞ்சு செய்யும் மருத்துவம்

போட்ஸ்வானா நாட்டின் ஒக்கவாங்கோ சதுப்புநிலத்தில் சில்வியா என்றொரு பபூன் குரங்கு இருந்தது. டோரதி சேனி, ராபர்ட் செய்ஃபார்த் என்ற ஆய்வாளர் தம்பதி ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த கூட்டத்தில் அது மேலிடத்துப் பெண். பபூன்களிடம் அந்தஸ்து தாய்வழியில் இறங்கும். பெரிய இடத்தில் பிறந்த பெண் குரங்கு வந்தால் மற்றவை வழிவிட்டே ஆகவேண்டும். சில்வியா அந்த அதிகாரத்தைத் துளியும் விட்டுக்கொடுக்காத ரகம். 'கொடூர ராணி' என்ற அர்த்தத்தில் ஆய்வாளர்களே அதற்கொரு பட்டம் வைத்திருந்தார்கள். அது நெருங்கிப் பழகியதும், உட்கார்ந்து பேன் பார்த்ததும் மகள் சியராவோடுதான். சியராவை ஒருநாள் சிங்கம் அடித்துக் கொன்றது.

சில்வியா தனித்துப்போனது. பிறகு அதுவரை செய்யாத ஒன்றைச் செய்தது. தான் ஏறெடுத்தும் பார்த்திராத கீழிடத்துப் பெண் குரங்கு ஒன்றின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அதற்குப் பேன் பார்க்கத் தொடங்கியது.

ஒரு குரங்கின் கதையை வைத்து எதையும் நிறுவிவிட முடியாது. இந்தக் கூட்டத்தை ஆராய்ந்த ஆன் எங்கும் அவருடைய சகாக்களும் 2006-ல் வெளியிட்ட ஆய்வு அதனால்தான் முக்கியம். அவர்கள் பெண் குரங்குகளின் எச்சத்தைச் சேகரித்து, அதிலிருந்த மன அழுத்த ஹார்மோன்களை அளந்தார்கள். நெருங்கிய உறவைப் பறிகொடுத்த குரங்குகளுக்கு அந்த அளவு எகிறியிருந்தது. அதே கூட்டத்தில், அதே தாக்குதலின்போது இருந்தும் யாரையும் இழக்காத குரங்குகளுக்கு எகிறவில்லை. ஆக, அது சிங்கத்தைக் கண்ட பயம் மட்டுமல்ல. இழந்தவை அடுத்த வாரங்களில் வழக்கத்தைவிட அதிக நேரம், வழக்கத்தைவிட அதிகத் தோழிகளோடு பேன் பார்த்தன. ஹார்மோன் அளவும் மெல்லப் பழைய நிலைக்கு இறங்கியது.

பேன் பார்ப்பதன் அருமை நமக்குத் தெரியாததல்ல. திண்ணையில் ஒருத்தி தலையை இன்னொருத்தி மடியில் சாய்த்திருந்த காலத்தில், பேனைவிட அதிகமாக வெளியே வந்தது மனக்குறைதான். ஆனால் குரங்குக்குச் சொல்லவும் வாயில்லை, யோசனை கேட்கவும் மொழியில்லை. பக்கத்தில் ஒரு உடம்பு, மேலே படும் விரல், அவ்வளவுதான் அதற்குக் கிடைத்த ஆறுதல். அதுவே உடம்புக்குள் இறங்கி ஹார்மோனைத் தொடுகிறது என்றால், அது எப்படி?

ஆபத்து என்று மூளை முடிவுகட்டியதும் ஒரு சங்கிலி இயங்கத் தொடங்குகிறது. மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சேதி அனுப்பும். பிட்யூட்டரி, சிறுநீரகங்களின் தலையில் தொப்பிபோல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளுக்கு அனுப்பும். அங்கிருந்து கார்ட்டிசால் ரத்தத்தில் கலக்கும். சர்க்கரை ஏறும். இப்போதைக்கு அவசரமில்லாத வேலைகளெல்லாம் பின்னுக்குப் போகும். சிங்கத்திடமிருந்து ஓடுவதற்கு இது அருமையான ஏற்பாடு. கந்துவட்டிக்காரன் வாசலுக்கு வரும் வீட்டில், சிங்கம் மாதக்கணக்கில் நின்றுகொண்டே இருக்கிறது. கார்ட்டிசால் இறங்க வழியில்லை. தூக்கம் கெடுகிறது, யோசிக்கும் தெம்பும் போகிறது.

பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் இந்தச் சங்கிலி அடங்குமா? சூரிச் நகரில் மார்க்கஸ் ஹைன்ரிக்ஸ் குழு 2003-ல் ஒரு பரிசோதனை செய்தது. 37 ஆண்கள். முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாத நடுவர்கள் முன்னால் நின்று பேசவேண்டும், பிறகு மனக்கணக்குப் போடவேண்டும். கேட்கச் சாதாரணமாக இருந்தாலும், ஆளைக் காயப்படுத்தாமல் கார்ட்டிசாலை ஏற்றுவதற்கு ஆய்வகங்கள் உலகெங்கும் நம்பும் முறை இது. நேர்காணலுக்குப் போய்வந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இவர்களில் ஒரு பாதிப்பேரிடம், "உங்கள் நெருங்கிய நண்பரைக் கூட்டிவாருங்கள்" என்று சொல்லியிருந்தார்கள். தயாராகும் நேரத்தில் மட்டும் அந்த நண்பர் உடனிருந்தார். மேடையில் அவர் இல்லை. ஆனாலும் நண்பரோடு வந்தவர்களுக்குக் கார்ட்டிசால் குறைவாகவே ஏறியது. ஆக்சிடோசின் என்ற ஹார்மோனை மூக்கின் வழியாகச் செலுத்தியவர்களில், நண்பரும் உடனிருந்தவர்களுக்கு அது எல்லோரையும்விடக் குறைவு.

ஜேம்ஸ் கோவனின் 2006-ஆம் ஆண்டு ஆய்வு மூளைக்குள்ளேயே எட்டிப்பார்த்தது. ஸ்கேன் கருவிக்குள் 16 மணமான பெண்கள். கணுக்காலில் எந்த நேரமும் லேசான மின்அதிர்ச்சி வரலாம் என்ற எச்சரிக்கை திரையில் தோன்றும். ஒருமுறை கணவரின் கையைப் பிடித்திருந்தார்கள், ஒருமுறை முன்பின் தெரியாதவர் கையை, ஒருமுறை யார் கையையும் பிடிக்கவில்லை. தனியாக இருந்தபோது ஆபத்தைக் கையாளும் மூளைப் பகுதிகள் முழுமூச்சாக வேலை செய்தன. அந்நியர் கைக்கே அது கொஞ்சம் அடங்கியது. கணவர் கைக்கு நன்றாக அடங்கியது, அதுவும் இல்வாழ்க்கை இணக்கமாக இருந்தவர்களுக்கு.

கோவனை யோசிக்கவைத்தது வேறொரு விஷயம். தைரியம் வருவது என்பது மூளையின் முன்பகுதி கடிவாளம் போட்டுப் பயத்தை அடக்குவதுதான் என்றால், கையைப் பிடித்ததும் அந்தக் கடிவாளப் பகுதி கூடுதலாக வேலை செய்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. எல்லாமே சேர்ந்து ஓய்வெடுத்தன. அதிலிருந்து அவரும் சக ஆய்வாளர் லேன் பெக்ஸும் ஒரு கருத்துக்கு வந்தார்கள்: மனித மூளைக்கு இயல்புநிலை என்பதே உடன் இன்னொருவர் இருப்பதுதான். மீனுக்குத் தண்ணீர்போல அது ஆட்களைக் கணக்கில் வைத்தே செய்யப்பட்ட உறுப்பு. நண்பர் வந்ததும் புதிதாக ஏதோ ஒன்று கூடுவதில்லை. தனியாக இருந்தபோது மூளை இழுத்துப்போட்டுக்கொண்டிருந்த கூடுதல் வேலை நின்றுபோகிறது. ஆறுதலை இத்தனை காலம் ஏதோ வெளியிலிருந்து ஊற்றப்படும் பொருளாகவே நினைத்திருந்த எனக்கு, இந்தத் தலைகீழ்ப் பார்வை மிகவும் பிடித்திருக்கிறது.

2013-ல் அதே குழு 22 இளைஞர்களை அழைத்து, "மின்அதிர்ச்சி உங்களுக்கு", "உங்கள் நண்பருக்கு", "அந்நியருக்கு" என மாற்றி மாற்றி அறிவித்தது. நண்பருக்கு என்றபோது மூளை காட்டிய பதற்றம், தனக்கு என்றபோது காட்டியதை ஏறக்குறைய அப்படியே ஒத்திருந்தது. அந்நியருக்கு என்றபோது அப்படி இல்லை.

இந்த வரிசையில் அடிக்கடி எடுத்துச்சொல்லப்படும் ஓர் ஆய்வின்மேல் மட்டும் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. 2008-ல் சிமோன் ஷ்னால் முதலானோர், மேட்டின் அடிவாரத்தில் ஆட்களை நிறுத்தி "எவ்வளவு செங்குத்து?" என்று கேட்டார்கள். நண்பரோடு நின்றவர்களுக்கு மேடு சரிவு குறைந்ததாகத் தெரிந்ததாம். நட்பு எவ்வளவு பழையதோ அவ்வளவு குறைவாம். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் முதுகில் கனமான பையை மாட்டிவிட்டு மேட்டைக் காட்டினால், ஆய்வாளர் என்ன பதிலை எதிர்பார்க்கிறார் என்பதை ஆட்கள் ஊகித்துவிடுகிறார்கள் என்று ஃபிராங்க் டர்ஜின் அடுத்த ஆண்டே இந்த வகை ஆய்வுகளைக் கேள்விக்குள்ளாக்கினார். நட்பைப் பற்றி நாம் நம்ப விரும்புவதையே சொல்லும் ஆய்வு என்பதாலேயே அதை இரண்டுமுறை உரசிப்பார்க்க வேண்டியிருக்கிறது.

நாம் நம்ப விரும்பும் இன்னொரு விஷயம், வாய்விட்டுச் சொன்னால் பாரம் குறையும் என்பது. பெல்ஜியத்தின் லூவேன் பல்கலைக்கழகத்தில் பெர்னார் ரிமே இதையே தன் வாழ்நாள் ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டவர். மனதை உலுக்கிய ஒரு நிகழ்ச்சிக்குப் பிறகு மனிதர்கள் என்ன செய்கிறார்கள்? 80 முதல் 95 சதவீத நிகழ்ச்சிகளை யாரிடமாவது சொல்லிவிடுகிறார்கள், பெரும்பாலும் அன்றைக்கே. படித்தவர், படிக்காதவர், ஐரோப்பியர், ஆசியர் என்று இதில் பெரிய பேதமில்லை. கேட்டவரும் அதைத் தன்னோடு வைத்துக்கொள்வதில்லை, அடுத்தவரிடம் சொல்கிறார். ('யார்கிட்டயும் சொல்லாதே' என்ற முன்னுரையின் பயன்மதிப்பு என்னவென்று இனி ஊகித்துக்கொள்ளலாம்.)

அப்படிச் சொன்னதால் வலி குறைகிறதா? 2005-ல் எம்மானுவேல் செக், ரிமே இருவரும் வெளியிட்ட ஆய்வில், ஒரு பிரிவினர் தங்களுக்கு நேர்ந்த மோசமான அனுபவத்தைப் பேசினார்கள், மற்றவர்கள் சாதாரண விஷயங்களைப் பேசினார்கள். மோசமான அனுபவத்தைக் கொட்டியவர்கள் "ரொம்ப உதவியாக இருந்தது" என்றார்கள். ஆனால் பிற்பாடு அந்த நினைவை மீண்டும் எழுப்பி அளந்தபோது, அது தரும் வலியில் இரு பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. சொன்னவருக்கு நிம்மதி கிடைத்தது உண்மை. காயம் ஆறியது என்பதுதான் உண்மையில்லை.

சிலசமயம் காயம் பெரிதாகவும் செய்யும். மிசௌரி பல்கலைக்கழகத்தின் அமாண்டா ரோஸ் பள்ளிப் பிள்ளைகளின் நட்பைக் கவனித்தார். ஒரே பிரச்சினையை இரண்டு தோழிகள் மாறி மாறிப் பிசைவது: அவன் ஏன் அப்படிச் சொன்னான், அதற்கு என்ன அர்த்தம், நாளைக்கு என்ன ஆகும், மறுபடி முதலிலிருந்து. 2007-ல் 813 மாணவர்களை ஆறு மாத இடைவெளியில் ஆராய்ந்து வெளியிட்ட முடிவு விசித்திரமானது. இப்படிப் பேசப்பேச சிறுமிகளின் நட்பு இறுகியது, கூடவே மனச்சோர்வும் பதற்றமும் கூடின. அவை கூடியதால் இன்னும் பேசினார்கள். பையன்களுக்கு நட்பு மட்டும் இறுகியது. தோழியைக் குற்றம் சொல்ல முடியாது; அவள் அக்கறையோடு கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் இரண்டு பேரும் ஒரே பள்ளத்தில் இறங்கிவிட்டால் கைகொடுத்துத் தூக்க மேலே ஆளில்லை.

ஃபிரெடெரிக் நில்ஸ் என்பவரோடு சேர்ந்து ரிமே 2012-ல் இந்த முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். மனதைக் கலங்கடிக்கும் படம் ஒன்றைப் பார்த்தவர்கள் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். கேட்பவர் ஒருவிதமாகப் பதில் சொன்னால் அது ஆறுதல்: "கஷ்டமாத்தான் இருக்கும், எனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்." இன்னொரு விதமாகச் சொன்னால் அது புதிய கோணம்: நடந்ததை வேறு பக்கத்திலிருந்து பார்க்க உதவுவது. ஆறுதல் பெற்றவர்களுக்குத் தனிமை விலகியது, கேட்டவர்மேல் நெருக்கம் வந்தது. கலக்கம் தணிந்தது, கோணம் மாறியவர்களுக்கு. ஆக நண்பர் தருவது ஒன்றல்ல, இரண்டு. ஒன்று இன்னொன்றின் வேலையைச் செய்யாது.

அப்படியென்றால் நேராகப் புதிய கோணத்தையே கொடுத்துவிடலாமே என்று தோன்றும். நம்மில் பலர் அதைத்தான் செய்கிறோம், அதுவும் அவர் இரண்டாவது வாக்கியத்தை முடிப்பதற்கு முன். வேலை போய்விட்டது என்று சொன்னவரிடம், 'எல்லாம் நன்மைக்கே'. கல்யாணம் நின்றுபோனவளிடம், 'இப்பவே தெரிஞ்சது நல்லதுன்னு நினைச்சுக்கோ'. கருத்து சரியாகவே இருக்கலாம். அது உள்ளே போவதில்லை. போ ஃபெங் என்ற தொடர்பியல் ஆய்வாளர் 2009-ல் வரிசையைச் சோதித்தார். முதலில் ஆறுதல், அடுத்து 'என்ன நடந்தது' என்ற விசாரிப்பு, கடைசியில் யோசனை என்ற ஒழுங்கில் வந்தால் யோசனை தரமானதாகத் தெரிந்தது. அதே யோசனை முதலில் வந்து நின்றால் மதிப்பிழந்தது. ஸ்கேன் ஆய்வுகளோடு சேர்த்துப் பார்த்தால் இதில் ஆச்சரியமில்லை. ஆபத்து மணி அடித்துக்கொண்டிருக்கும் மூளைக்குக் காதில் எதுவும் ஏறாது. மணி அடங்க ஓர் ஆள் பக்கத்தில் உட்காரவேண்டும். அதற்குக் கொஞ்சம் நேரம் வேண்டும்.

இதைத் தற்செயலாகக் கண்டுகொண்ட ஒரு பாதிரியார் உண்டு. லண்டனில் 1953-ல், தற்கொலை எண்ணத்தோடு போராடுபவர்கள் தன்னைத் தொலைபேசியில் அழைக்கலாம் என்று சாட் வாரா அறிவித்தார். கூட்டம் கூடியது. அவரைப் பார்க்கக் காத்திருந்தவர்களோடு, உதவிக்கு வந்த தன்னார்வலர்கள் தேநீர் கொடுத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். உள்ளே அழைக்கப்பட்டபோது பலர், "பரவாயில்லை, இவரிடம் பேசியதே போதும்" என்று கிளம்பிவிட்டார்கள். அடுத்த ஆண்டு தொடக்கத்திலேயே அவர் அந்த வேலையைத் தன்னார்வலர்களிடம் ஒப்படைத்தார். அதுதான் சமாரிட்டன்ஸ் அமைப்பு. இந்த நட்புமுறையைப் பின்பற்றி 1986-ல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் தொடங்கிய 'சிநேகா'வில் இன்றும் தொலைபேசியை எடுப்பவர்கள் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள்தான். அவர்கள் புத்திமதி சொல்வதில்லை.

ஆறுதலோடு யோசனையும் சேரவேண்டும், இரண்டும் சரியான வரிசையில் வரவேண்டும், அதை ஒரு பாமர மனிதர் செய்யவேண்டும் என்று யாராவது திட்டமிட்டுச் செய்து, பலனை மருந்துக்கு அளப்பதுபோல அளந்திருக்கிறார்களா? ஜிம்பாப்வேயில் அளந்திருக்கிறார்கள்.

2005-ல் ஹராரே நகரில் தொடங்கி நாடெங்கும் அரசு நடத்திய இடிப்பு நடவடிக்கையில் வீடோ பிழைப்போ இழந்தவர்கள் சுமார் 7 லட்சம் பேர் என்று ஐ.நா. மதிப்பிட்டது. அந்தக் காலத்தில் அந்த நாட்டிலிருந்த மனநல மருத்துவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் ஒருவர் டிக்சன் சிபாண்டா. அவரிடம் சிகிச்சை பெற்றுவந்த ஓர் இளம்பெண் தன்னை மாய்த்துக்கொண்டாள். "ஏன் என்னிடம் கூட்டிவரவில்லை?" என்று அவர் தாயைக் கேட்டார். மருத்துவமனைக்கு வரப் பேருந்துக் கட்டணம் 15 டாலர் தங்களிடம் இல்லை என்றாள் தாய். மருத்துவமனையில் உட்கார்ந்துகொண்டு நோயாளிக்காகக் காத்திருப்பதில் பொருளில்லை என்று அன்று அவருக்குப் பட்டது.

அடுத்த ஆண்டு எம்பாரே என்ற நெருக்கடியான பகுதியில் வேலை தொடங்கப் போனார். மருத்துவர் தரமுடியாது, செவிலியர் தரமுடியாது, அறைகூடத் தரமுடியாது என்று கைவிரித்தார்கள். வேண்டுமானால் சுகாதாரப் பணிகளுக்கு உதவும் 14 பாட்டிமாரை வைத்துக்கொள்ளலாம். அறைக்குப் பதில் வெளியே ஒரு மரத்தடி, ஒரு மரப்பெஞ்சு. இதில் என்ன சாதிக்கமுடியும் என்று ஆரம்பத்தில் அவருக்கே நம்பிக்கை இல்லை. 'மனநல பெஞ்சு' என்று அதற்குப் பெயர் வைத்தார். ஒருவரும் வந்து உட்காரவில்லை. பைத்தியக்காரப் பட்டம் வாங்க யார் வருவார்கள் என்று பாட்டிமார்தான் அவருக்கு எடுத்துச்சொன்னார்கள். பெயர் 'நட்பு பெஞ்சு' ஆனது.

அங்கே நடப்பது இதுதான். ஷோனா மொழியில் 14 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல் இருக்கிறது. ஒரு வாரமாகத் தூக்கம் கெட்டிருக்கிறதா, அழுகை வருகிறதா, யோசனை யோசனையாக ஓடுகிறதா என்பதுபோன்ற கேள்விகள். பாதிக்கு மேல் 'ஆமாம்' என்றால் பாட்டியோடு பெஞ்சில் உட்காரலாம். மொத்தம் ஆறு அமர்வுகள். முதல் அமர்வில், வந்தவர் கொட்டித்தீர்க்கும்வரை பாட்டி கேட்கிறார். அவசரப்படுத்துவதில்லை. இதை அவர்கள் மனதைத் திறத்தல் என்கிறார்கள். பிறகு வருவது தூக்கிநிறுத்தல், அதன்பிறகு உறுதிப்படுத்தல்.

தூக்கிநிறுத்தும் கட்டத்தைக் கொஞ்சம் உற்றுப்பார்க்கவேண்டும். மனமுடைந்து வரும் ஒருத்தியிடம் பிரச்சினைகள் தனித்தனியாக இருப்பதில்லை. புருஷன் போய்விட்டான், வாடகை பாக்கி, பிள்ளைக்கு ஃபீஸ் கட்டவில்லை, எச்.ஐ.வி. மாத்திரையை ஒழுங்காக விழுங்கவில்லை, மாமியார் பேச்சு. எல்லாம் திரண்டு ஒரே கட்டியாக நெஞ்சில் நிற்கிறது. பாட்டி அதைப் பிரித்து ஒவ்வொன்றாகச் சொல்லவைக்கிறார். 'இதில் எதை முதலில் எடுப்போம்?' என்று கேட்கிறார். எது என்று முடிவுசெய்வது வந்தவர். வாடகை என்றால், வாடகைக்கு என்னென்ன வழி உண்டு? வந்தவர் சொல்லச்சொல்ல ஒன்றைத் தேர்ந்து, அடுத்தமுறை வருவதற்குள் செய்யக்கூடிய ஒரு சிறிய காரியமாக அதைச் சுருக்குகிறார்கள். 'வீட்டுக்காரரிடம் திங்கட்கிழமை போய், இரண்டு தவணை கேட்பது.' அடுத்த வாரம் நடந்ததா என்று பாட்டி விசாரிக்கிறார். நடக்கவில்லையென்றால் ஏன் என்று பார்த்து வேறு வழி. பிரச்சினை தீர்க்கும் சிகிச்சை என்று மனநல மருத்துவத்தில் இதற்குப் பெயருண்டு. வெள்ளைக் கோட்டு இல்லாமல், மரத்தடியில், பாட்டியின் பேச்சுவழக்கில் நடப்பதுதான் புதுமை. எந்த ஊர்ப் பாட்டியும் கையில் தயாராக வைத்திருக்கும் உபதேசத்தை இவர்கள் அடக்கிக்கொள்ளப் பழகியிருக்கிறார்கள் என்பதே என்னைப் பொறுத்தவரை பெரிய சாதனை.

இதன் பலனை, ஹராரேயின் 24 சுகாதார நிலையங்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, 573 பேரிடம் சோதித்தார்கள். ஒரு பிரிவுக்கு பெஞ்சு; மற்றதற்கு வழக்கமான கவனிப்பைவிடச் சற்றுக் கூடுதலான கவனிப்பு, தேவைப்பட்டால் மாத்திரை. வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பத்தில் நான்கு பேருக்கு எச்.ஐ.வி. தொற்று. 2016 டிசம்பரில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் முடிவு வெளியானது. ஆறு மாதம் கழித்து மனச்சோர்வு அறிகுறிகள் நீடித்தது, வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களில் சுமார் 50 சதவீதம் பேருக்கு. பெஞ்சில் உட்கார்ந்தவர்களில் சுமார் 14 சதவீதம் பேருக்கு. பல மருந்துச் சோதனைகள் பொறாமைப்படும் இடைவெளி. பின்னர் மலாவி, ஸான்ஸிபார், நியூயார்க் என்று பெஞ்சு பயணப்பட்டது. 2022-ல் கத்தார் உலகக் கோப்பை கால்பந்துப் போட்டியின்போது அணிக்கு ஒன்றாக 32 பெஞ்சுகள் வைத்தார்கள். அதில் எத்தனை பேர் மனம்விட்டுப் பேசினார்கள், எத்தனை பேர் செல்ஃபி எடுத்தார்கள் என்பது வேறு விஷயம்.

பெஞ்சுக்கு எல்லையும் உண்டு. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருப்பவரையும், நோய் முற்றியவரையும் பாட்டிமார் மருத்துவரிடம் அனுப்பிவிடுவார்கள். நல்ல நண்பனுக்கும் இந்த எல்லை பொருந்தும். நம்மூரில் அப்படியொரு நிலையில் கைகொடுக்க, 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் 'டெலி மானஸ்' 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

தன் பிரச்சினையில் தடுமாறுகிற அதே ஆள், அடுத்தவர் பிரச்சினையில் எப்படித் தெளிவாக இருக்கிறார் என்பதும் ஆராயப்பட்டிருக்கிறது. பிறர் வழக்கைத் தீர்ப்பதில் நாமெல்லோரும் நாட்டாமைகள். இகோர் கிராஸ்மன், ஈதன் கிராஸ் இருவரும் 2014-ல், காதல் துணை துரோகம் செய்துவிட்டதாகக் கற்பனை செய்யச் சொன்னார்கள். சிலரை, தங்களுக்கே நேர்ந்ததாக. சிலரை, நெருங்கிய நண்பருக்கு நேர்ந்ததாக. நண்பருக்கு என்று நினைத்தவர்கள் எதிராளியின் தரப்பையும் பார்த்தார்கள், தங்களுக்குத் தெரியாத விவரம் இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டார்கள், சமரசத்துக்கு வழி தேடினார்கள். தனக்கு என்று நினைத்தவர்களிடம் இந்த நிதானம் குறைவு. ஊருக்கே நீதி சொல்லிவிட்டுத் தன் வீட்டைக் கோட்டைவிட்ட சாலமோன் அரசரின் பெயரை இந்த முரணுக்கு வைத்தார்கள். தன் பிரச்சினையையே வெளியாள் கண்ணால் பார்க்கச் சொன்னபோது அந்த வித்தியாசம் மறைந்துபோனது. நண்பரிடம் யோசனை கேட்பது என்பது, அவர் நம்மைவிடப் புத்திசாலி என்பதற்காக அல்ல. நம் பிரச்சினைக்குள் அவர் இல்லை என்பதற்காக.

உதவி என்று தெரியாமல் செய்யும் உதவிக்குத் தனி மகிமை இருக்கிறது. நியால் போல்கர் குழு 2000-ல் வெளியிட்ட ஆய்வில், நியூயார்க் வழக்கறிஞர் தகுதித்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவர்களும் அவர்களுடைய துணைகளும் தினம் ஒரு குறிப்பு எழுதினார்கள். இன்று ஆதரவு கொடுத்தேன், இன்று ஆதரவு பெற்றேன் என்று. துணை கொடுத்ததாக எழுதி, படிப்பவர் பெற்றதாக எழுதாத நாட்களே மனச்சோர்வுக்கு நல்லவையாக இருந்தன. உதவி கண்ணில் பட்டபோது, 'நான் சமாளிக்கமுடியாத நிலையில் இருக்கிறேன்போல' என்ற நினைப்பும் கூடவே வந்துவிடுகிறது. பாத்திரத்தைத் தேய்த்துவைத்துவிட்டு அதைப் பற்றிப் பேசாமல் இருக்கத் தெரிந்தவர்கள் பாக்கியவான்கள்.

இத்தனை தெரிந்தும் கேட்கத் தயக்கம். 'அவனுக்கே ஆயிரம் தொல்லை, இதுல நான் வேற.' ஃபிராங்க் ஃபிளின், வனெசா லேக் இருவரும் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், ஆட்கள் தெரியாதவர்களிடம் சின்னச்சின்ன உதவி கேட்கப்போனார்கள். ஒரு வேலை முடிய எத்தனை பேரிடம் கேட்கவேண்டியிருக்கும் என்று போவதற்கு முன் அவர்கள் போட்ட கணக்கு, நடந்ததைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. தெரியாதவர்கள்கூட இத்தனை எளிதில் 'சரி' என்கிறார்கள். கேட்பவர் கண்ணுக்குத் தன் சங்கடம் மட்டுமே தெரிகிறது. 'முடியாது' என்று சொல்வதில் எதிரே நிற்பவருக்குள்ள சங்கடம் தெரிவதில்லை.

எதிரே நிற்பவருக்கு நஷ்டம் என்றும் சொல்லிவிட முடியாது. லாரன் எஸ்க்ரைஸ்-விங்க்ளர் குழு 2019-ல் வெளியிட்ட சோதனையில் அமெரிக்காவின் 1,982 உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் பங்கேற்றார்கள். அவர்களில் ஒரு பகுதியினரிடம், தங்களைவிட இளைய மாணவர்களுக்கு எப்படிப் படிப்பது, எப்படித் தள்ளிப்போடாமல் இருப்பது என்று யோசனை எழுதித்தரச் சொன்னார்கள். சில நிமிட வேலை. நன்றாகப் படிப்பவர்களை மட்டும் பொறுக்கி எடுத்துக் கேட்கவுமில்லை. அந்தப் பருவத்தின் இறுதியில், யோசனை சொன்னவர்களின் மதிப்பெண் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடியிருந்தது, கணக்குப் பாடத்திலும்கூட.